டிபிஎஃப் விளக்கு எரிந்தால்: அறிகுறியைப் பிடித்துக் காரணத்துக்குப் போகும் வழி

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு இந்தியாவில் விற்பனைக்கு வந்த டீசல் கார்களில், புகையில் வரும் கரித்தூளைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் எனப்படும் டீசல் பார்ட்டிகுலேட் ஃபில்டர் இல்லாததைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பிஎஸ்4 மாசு விதி இருந்த காலத்தில் டீசல் கார் கிலோமீட்டருக்கு 25 மில்லிகிராம் கரித்தூள் கக்கலாம் என்றிருந்தது. பிஎஸ்6 அதை 4.5 மில்லிகிராமாகக் குறைத்ததோடு, துகள்களின் எண்ணிக்கைக்கும் ஒரு வரம்பு வைத்தது. வடிகட்டி வைக்காமல் அந்த எண்ணிக்கையைத் தொடவே முடியாது. சின்ன டீசல் கார்களுக்கு இந்தச் செலவு கட்டுப்படியாகாது என்று மாருதி சுசுகி அதே தேதியோடு டீசலை மூட்டை கட்டியது.

இந்த ஃபில்டர் நிரம்பினால் ஏர் ஃபில்டர் மாதிரி கழற்றித் தட்டிப் போடும் ஜாதி இல்லை. ஓட்டத்திலேயே கரியை எரித்துத் தன்னைத் தானே காலி செய்துகொள்ளும். அந்த வேலை எந்த இடத்தில் தடைபடுகிறது என்பதுதான் நாம் கண்டுபிடிக்க வேண்டியது. வண்டியைக் கொண்டுபோய் விட்டதும் "டிபிஎஃப் போச்சு சார், மாத்தணும்" என்று சொல்பவரிடம் கொஞ்சம் எச்சரிக்கையாக இருங்கள். என் கணக்கில் ஃபில்டர் பெரும்பாலும் பழியைச் சுமக்கிறதே தவிர, தவறு வேறு எங்கோ இருக்கிறது.

முதலில் உள்ளே என்ன நடக்கிறது

உள்ளே இருப்பது தேன்கூடு போன்ற ஒரு பீங்கான் கட்டி. நூற்றுக்கணக்கான சன்னமான குழாய்கள். ஒன்று விட்டு ஒன்றாக முனை அடைக்கப்பட்டிருக்கும். ஒரு குழாய்க்குள் நுழைந்த புகை வெளியேற வேண்டுமென்றால் நுண்துளைச் சுவரை ஊடுருவிப் பக்கத்துக் குழாய்க்குப் போக வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும்.

தங்கிய கரி இரண்டு விதமாக எரியும். லோடோடு ஹைவேயில் ஓடும்போது புகையின் சூடு 250 முதல் 400 டிகிரி வரை இருக்கும். ஃபில்டருக்கு முன்னால் உள்ள ஆக்சிடேஷன் கேட்டலிஸ்ட், புகையில் இருக்கும் நைட்ரிக் ஆக்சைடை நைட்ரஜன் டை ஆக்சைடாக மாற்றும். அது கரியைச் சத்தமில்லாமல் கரைத்துக்கொண்டே வரும். இதற்கு நாம் எதுவும் செய்ய வேண்டாம், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவும் எதுவும் செய்யாது. சென்னை, கோவை டிராஃபிக்கில் இந்தச் சூடு வராது. அப்போது கரி ஏறிக்கொண்டே போய் ஒரு அளவைத் தாண்டியதும் ஈசியூ தானே இறங்கும். பிஸ்டன் கீழே இறங்கும் நேரத்தில் கொஞ்சம் டீசலைத் தாமதமாகத் தெளிக்கும். அது சிலிண்டருக்குள் சரியாக எரியாமல் கேட்டலிஸ்டில் போய் எரிந்து, ஃபில்டரின் சூட்டை 550 முதல் 650 டிகிரி வரை ஏற்றும். 10 முதல் 25 நிமிடத்தில் கரி எரிந்து முடியும். மெக்கானிக்குகள் "ரீஜென்" என்று சொல்வது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையைத்தான்.

ஆகவே எந்த அறிகுறி வந்தாலும் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: ரீஜென் தொடங்கி முடியாமல் நிற்கிறதா, தொடங்கவே மறுக்கிறதா, அல்லது ஒழுங்காக முடிந்தும் ஃபில்டர் அளவுக்கு மீறி வேகமாக நிரம்புகிறதா?

ஐடில் ஏறுகிறது, வண்டியை நிறுத்திய பிறகும் ஃபேன் ஓடுகிறது

இது கோளாறே இல்லை. ரீஜென் நடந்துகொண்டிருக்கும்போது நீங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டீர்கள், அவ்வளவுதான். வழக்கமாக 800 ஆர்பிஎம் பக்கம் நிற்கும் முள் 1000-க்கு அருகில் இருக்கும், சைலன்சர் சத்தம் கொஞ்சம் கனத்திருக்கும், ஸ்டார்ட்-ஸ்டாப் வேலை செய்யாது, உடனடி மைலேஜ் காட்டும் திரையில் எண் பாதாளத்துக்கு இறங்கியிருக்கும். கீழேயிருந்து சூடான, கருகல் வாசனை வரும். சாவியைத் திருப்பிய பிறகும் ரேடியேட்டர் ஃபேன் சில நிமிடம் சுற்றும்.

நேரம் இருந்தால் இன்னொரு 10 நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். இல்லையென்றால் அணைத்துவிடலாம், எதுவும் கெட்டுவிடாது. விட்ட வேலையை அடுத்த ஓட்டத்தில், எஞ்சின் சூடானதும் ஈசியூ மறுபடி எடுத்துக்கொள்ளும். எப்போதோ ஒரு தடவை இப்படி நடந்தால் கவலையில்லை, தினமும் நடந்தால் கீழே ஆயில் பற்றிய பகுதிக்குப் போங்கள்.

ஒரே ஒரு எச்சரிக்கை. இந்த நேரத்தில் சைலன்சர் பாதை வழக்கத்தைவிட மிகச் சூடாக இருக்கும். காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். நம்மூர் ரோட்டில் கொள்ளு, கேழ்வரகு, உளுந்துச் செடிகளைக் கதிரடிக்கப் பரப்பி வைத்திருப்பார்கள். அதன்மேல் ஏற்றிப் போனால் காய்ந்த தண்டுகள் அடியில் சுற்றிக்கொள்ளும். எந்தக் காருக்கும் அது ஆபத்துதான்; ரீஜென் நடக்கும் டீசல் காருக்கு இரட்டிப்பு. சுற்றி வருவது நல்லது. வழியில்லாமல் ஏறிவிட்டால் தாண்டியதும் ஓரம் கட்டி அடியில் குனிந்து பாருங்கள்.

மஞ்சள் விளக்கு மட்டும், பிக்கப் நன்றாக இருக்கிறது

சைலன்சர் பெட்டி, அதற்குள் புள்ளிகள். இந்தப் படம் போட்ட மஞ்சள் விளக்கு மட்டும் நிலையாக எரிந்தால், ஈசியூ சில தடவை ரீஜென் முயன்று முடிக்க முடியாமல் உங்களிடம் உதவி கேட்கிறது என்று அர்த்தம். இந்தக் கட்டத்தில் ஓட்டியே சரிசெய்துவிடலாம்.

பெரும்பாலான கார்களின் கையேட்டில் இருக்கும் வழி ஒன்றுதான்: மணிக்கு 60 கி.மீ.க்கு மேல், நிறுத்தாமல், சுமார் 25 நிமிடம். நான் இதோடு சேர்த்துச் சொல்வது ஆர்பிஎம்மை. மைலேஜ் பார்த்துப் பழகிய கை தானாகவே ஆறாவது கியருக்குப் போய்விடும். 1400 ஆர்பிஎம்மில் உருட்டிக்கொண்டு போனால் புகையில் சூடு சேராது. ஒரு கியர் இறக்கி 2000 முதல் 2500-க்குள் முள்ளை வையுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் மேனுவல் பக்கம் தள்ளிவிட்டு அதையே செய்யுங்கள். வேகவரம்பை மீற வேண்டிய தேவையே இல்லை.

சாலையைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். வேளச்சேரியிலிருந்து ஓஎம்ஆருக்குப் போய் ஒவ்வொரு சிக்னலாக நின்று வருவது "ஓட்டம்" கணக்கில் வராது. வண்டலூர்–மீஞ்சூர் வெளிவட்டச் சாலை, மாமல்லபுரம் தாண்டிய ஈசிஆர், கோவைக்காரர்களுக்கு நீலாம்பூர்–மதுக்கரை பைபாஸ் போன்றவை சரியானவை. மலைப்பாதை ஒரு வேடிக்கையான விஷயம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும்போது எஞ்சினுக்கு நல்ல லோடு இருப்பதால் கரி எரியச் சாதகமான சூடு வரும். இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து கால் எடுத்த நிலையிலேயே வண்டி உருளும். ஈசியூ டீசலை நிறுத்திவிடும், வெறும் குளிர்ந்த காற்றுதான் ஃபில்டர் வழியாகப் போகும். அதனால் இறக்கத்தில் ரீஜென் முடியும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

கிளம்பும் முன் டீசல் முள்ளைப் பாருங்கள். டேங்க் ரிசர்வில் இருந்தால் பல கார்களில் ரீஜென் தொடங்கவே தொடங்காது. 500 ரூபாய்க்கு மட்டும் அடித்து ஓட்டும் பழக்கம் உள்ளவர்களுக்கு விளக்கு அடிக்கடி எரிய இதுவும் ஒரு காரணம்.

சில கார்களில் நின்ற இடத்திலேயே ரீஜென் செய்யத் திரையிலோ டேஷ்போர்டிலோ ஒரு வசதி இருக்கும். இருந்தால் திறந்த வெளியில், அடியில் எரியக்கூடியது எதுவும் இல்லாத தரையில் செய்யுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளப் பார்க்கிங்கில் வேண்டவே வேண்டாம்.

ஹைவே ஓட்டியும் விளக்கு அணையவில்லை

இங்கேதான் ஈசியூவோடு இணைத்து அதன் தகவலைப் படிக்கும் ஸ்கேனர் வேண்டும். இனிமேலும் ஓட்டிப் பார்ப்பது டீசலுக்குக் கேடு. ரீஜென் தொடங்கவே மறுக்கிறது என்று எடுத்துக்கொண்டு, எது தடுக்கிறது என்று பாருங்கள்.

முதல் சந்தேகம் டிஃபரன்ஷியல் பிரஷர் சென்சார் மேல். ஃபில்டருக்கு முன்னாலும் பின்னாலும் இருந்து இரண்டு சின்னக் குழாய்கள் இந்த சென்சாருக்கு வரும். இரண்டு பக்க அழுத்தத்தின் வித்தியாசத்தை வைத்துத்தான் உள்ளே எவ்வளவு கரி என்று ஈசியூ கணிக்கிறது. குழாய்கள் உலோகமாகத் தொடங்கி, சென்சார் அருகில் ரப்பராகவோ சிலிக்கோனாகவோ முடியும். சூட்டில் கிடந்து கிடந்து அந்த ரப்பர் காய்ந்து, கிளிப் போட்ட இடத்தில் மயிரிழை போல வெடிக்கும். மேலோட்டமாகப் பார்த்தால் தெரியாது. விரலால் வளைத்துப் பார்த்தால் வெடிப்பு வாயைத் திறக்கும், சுற்றிலும் கரி படிந்திருக்கும். இன்னொரு வகை, குழாய்க்குள் கரியும் ஈரமும் சேர்ந்து அடைத்துக்கொள்வது. சென்சார் பக்கம் கழற்றி, மெதுவாக ஊதிப் பார்த்தால் தெரிந்துவிடும். சென்சாரோடு சேர்த்து ஊதிவிடாதீர்கள், அது தாங்காது.

ஸ்கேனரில் பார்க்கும் முறை எளிது. சாவி ஆன், எஞ்சின் ஆஃப் நிலையில் அழுத்த வித்தியாசம் சுழியமாக இருக்க வேண்டும். அப்போதே ஏதோ ஒரு எண் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. எஞ்சின் ஐடிலில் நல்ல ஃபில்டர் பொதுவாகச் சில மில்லிபார்தான் காட்டும். ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சீராக ஏற வேண்டும். மிதித்தும் அசையவில்லை என்றால் குழாய். ஐடிலிலேயே எகிறி நின்றால் நிஜமாகவே அடைப்பு. ஸ்கேனர் காட்டும் எரர் கோடுகளும் (பிழைக் குறியீடுகள்) இதையே சொல்லும்: பி2452, பி2453 வந்தால் சென்சாரைப் பாருங்கள். பி2463 கரி சேர்ந்திருப்பதைச் சொல்கிறது. பி2002 என்றால் ஃபில்டரின் திறன் குறைந்திருக்கிறது. பி2002-ஐப் பார்த்ததும் ஃபில்டரை மாற்றச் சொல்பவர்கள் உண்டு. வெடித்த ரப்பர் குழாயும் இதே எரர் கோடைக் கொண்டுவரும்.

நல்ல ஸ்கேனரில் கரியின் அளவு இரண்டு விதமாகத் தெரியும்: அழுத்தத்தை வைத்து அளந்தது, ஓட்டிய விதத்தை வைத்து ஈசியூ கணக்குப் போட்டது. இரண்டும் அருகருகே இருக்க வேண்டும். ஒன்று வடக்கே, ஒன்று தெற்கே என்றால் முதலில் சென்சாரையும் குழாயையும் சந்தேகப்படுங்கள்.

இரண்டாவது சந்தேகம், கூலன்ட் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும், யாரும் கவனிக்காத தெர்மோஸ்டாட். அது திறந்தபடி மாட்டிக்கொண்டால் எஞ்சின் முழுச் சூட்டுக்கு வராது. கூலன்ட் போதிய சூட்டுக்கு வராமல் ஈசியூ ரீஜெனைத் தொடங்காது. நம் வெயிலில் டெம்பரேச்சர் முள் கொஞ்சம் கீழே நின்றால் "நல்லதுதானே, எஞ்சின் கூலா ஓடுது" என்று விட்டுவிடுவார்கள். பி0128 வந்திருக்கிறதா பாருங்கள். தெர்மோஸ்டாட் மாற்றிய அன்றே டிபிஎஃப் பிரச்சினை தீர்ந்த கார்கள் உண்டு.

மூன்றாவது, புகைச் சூட்டை அளக்கும் சென்சார்கள், இஜிஆர் (புகையில் ஒரு பங்கை எஞ்சினுக்கே திருப்பும் வால்வு), குளோ பிளக், டர்போ பூஸ்ட் என்று எதிலாவது ஒரு எரர் கோடு நிலுவையில் இருப்பது. சூட்டைச் சரியாக அளக்க முடியாத நிலையில் ஈசியூ 600 டிகிரிக்குப் போகும் துணிச்சலை எடுக்காது. அந்தப் பழைய எரர் கோடுக்கான காரணத்தைச் சரிசெய்யாமல் டிபிஎஃப்பை மட்டும் சுத்தம் செய்தால் சில நாளில் அதே இடத்துக்கு வந்து நிற்பீர்கள்.

டிப்ஸ்டிக்கில் ஆயில் ஏறியிருக்கிறது

ஆயில் குறைவதுதான் எல்லாருக்கும் தெரிந்த பிரச்சினை. ஏறுவது அதைவிட மோசம். ரீஜெனுக்காகத் தாமதமாகத் தெளித்த டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவரில் பட்டு, பிஸ்டன் ரிங் வழியாக அடியில் ஆயில் தேங்கும் சம்புக்கு இறங்கும். ஒவ்வொரு ரீஜெனும் பாதியில் அறுந்து, மறுநாள் மறுபடி முதலிலிருந்து தொடங்கினால் இந்த டீசல் சேர்ந்துகொண்டே போகும். பள்ளிக்கூடம், கடை, ஆபீஸ் என்று தினமும் நாலைந்து கிலோமீட்டர் மட்டும் ஓடும் காரில் இதை அடிக்கடி பார்க்கலாம்.

காலையில், சமதளத்தில், எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது டிப்ஸ்டிக்கை எடுத்துத் துடைத்து மறுபடி விட்டுப் பாருங்கள். மேல் கோட்டைத் தாண்டியிருந்தால், இரண்டு விரலுக்கு நடுவே தேய்த்து முகர்ந்து பாருங்கள். டீசல் கலந்த ஆயில் தண்ணீர் மாதிரி நழுவும், வாசனை காட்டிக்கொடுக்கும். கறுப்பாக இருப்பதை வைத்து முடிவு செய்ய வேண்டாம், டீசல் எஞ்சின் ஆயில் போட்ட சில நாளிலேயே கறுத்துவிடும்.

மேல் கோட்டைத் தாண்டியிருந்தால் ஹைவே ஓட்டமும் கூடாது, சர்வீஸ் சென்டரில் ஸ்கேனர் வழியாகச் செய்யும் கட்டாய ரீஜெனும் கூடாது. முதலில் ஆயிலை இறக்குங்கள். நீர்த்த ஆயில் டர்போவையும் பேரிங்கையும் தின்னும். அளவு மிகவும் ஏறினால் பிரீதர் எனும் காற்றுப்போக்கிக் குழாய் வழியாக எஞ்சின் அந்த ஆயிலையே உறிஞ்சி எரிக்கத் தொடங்கி, சாவியைத் திருப்பினாலும் நிற்காமல் தாறுமாறாக ஓடும் அபாயமும் உண்டு. கட்டாய ரீஜென் செய்தால், முடிந்த பிறகு ஆயிலும் ஆயில் ஃபில்டரும் மாற்றுவதையும் சேர்த்தே பில் போடச் சொல்லுங்கள். "போன மாசம்தான் மாத்தினோம்" என்ற வாதம் இங்கே செல்லாது.

எஞ்சின் விளக்கும் சேர்ந்து எரிகிறது, வண்டி இழுக்கவில்லை

எஞ்சினைக் காக்க ஈசியூ சக்தியைக் குறைத்துவிடும் லிம்ப் மோடுக்கு வண்டி போயிருக்கிறது. கரி ஓர் எல்லையைத் தாண்டிவிட்டால் ஈசியூ ஓட்டத்தில் ரீஜென் செய்ய மறுத்துவிடும். காரணம் நியாயமானது: அவ்வளவு கரியும் ஒரேயடியாகப் பற்றினால் சூடு 1000 டிகிரியைத் தாண்டிப் பீங்கான் விரிசல் விடும், உருகவும் கூடும். அதனால் இந்தக் கட்டத்தில் ஹைவேயில் விரட்டுவது வீண் வேலை. மெதுவாகச் சர்வீஸ் சென்டருக்கு ஓட்டிப்போங்கள், அல்லது ஏற்றி அனுப்புங்கள்.

அங்கே ஸ்கேனர் வழியாகக் கட்டாய ரீஜென் செய்வார்கள். அதையும் தாண்டிய அளவில் கரி இருந்தால் ஃபில்டரைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். எரர் கோடை மட்டும் அழித்து அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். விளக்கு அணையும், கரி அங்கேயேதான் இருக்கும். கரியின் அளவு வேலைக்கு முன் எவ்வளவு, பின் எவ்வளவு என்று திரையைக் காட்டச் சொல்லுங்கள்.

சிலர் இங்கே "கழற்றிக் காலி பண்ணிட்டு மேப் போட்டுடலாம் சார், தொல்லை விட்டது" என்பார்கள். அதாவது ஃபில்டரே இல்லாமல் ஓடும்படி ஈசியூவின் மென்பொருளை மாற்றுவது. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவின்படி உற்பத்தியாளர் தந்த அமைப்பை இப்படி மாற்றுவது சட்டவிரோதம். வாரன்டி போய்விடும். அதைவிட, உங்கள் பின்னால் ஸ்கூட்டரில் வருபவர் முகத்தில் அடிக்கும் கரி அவர் நுரையீரலுக்குள் போகும் அளவு சன்னமானது. நான் இந்த வேலையை யாருக்கும் பரிந்துரைப்பதில்லை.

ரீஜென் ஒழுங்காக முடிகிறது, ஆனால் அடிக்கடி வருகிறது

வழக்கமாக ஒரு ரீஜெனுக்கும் அடுத்ததற்கும் இடையில் சில நூறு கிலோமீட்டர் இருக்கும். ஓட்டும் பாதை மாறாமலேயே இந்த இடைவெளி நூறுக்கும் கீழே சுருங்கினால், எஞ்சின் அளவுக்கு மீறிக் கரி கக்குகிறது. ஒழுகும் இன்ஜெக்டர், டர்போவிலிருந்து இன்டர்கூலருக்குப் போகும் குழாயில் காற்றுக் கசிவு, ஒட்டிக்கொண்ட இஜிஆர் வால்வு, ஆயில் விடும் டர்போ ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். பிஎஸ்4 காரில் இவை கரும்புகையாகப் பின்னால் தெரியும். இப்போது ஃபில்டர் அதை விழுங்கிவிடுவதால், பின்னால் வருபவருக்குத் தெரிவதற்குப் பதில் டிபிஎஃப் விளக்காக உங்களுக்குத் தெரிகிறது.

பாட்டில் ஆடிடிவ் பற்றிக் கேட்பார்கள். கரி எரியும் சூட்டைக் கொஞ்சம் குறைக்கும் உலோகக் கலவை அதில் இருக்கும், ஓரளவு உதவும். ஒழுகும் இன்ஜெக்டரை அது அடைக்காது. சில டீசல் கார்களில் தனி டேங்கில் ஊற்றும் ஆட்புளூ திரவத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அது நைட்ரஜன் ஆக்சைடுக்கான தனி ஏற்பாடு.

ஒன்றரை, இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடிய கார் என்றால் வேறு காரணம்: சாம்பல். எஞ்சின் ஆயிலில் உள்ள கால்சியம், துத்தநாகம் போன்ற சேர்மானங்கள் எரிந்து மிஞ்சுவது அது. கரி எரியும், சாம்பல் எரியாது. எத்தனை ரீஜென் செய்தாலும் அங்கேயே இருந்து கரிக்கான இடத்தைக் குறைத்துக்கொண்டே வரும். பி242எஃப் எரர் கோடு இதைத்தான் சொல்கிறது. கழற்றிச் சுத்தம் செய்வது அல்லது மாற்றுவது, இரண்டே வழி. எதைச் செய்தாலும் ஈசியூவில் சாம்பல் கணக்கைத் திருத்திச் சுழியத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். இல்லையென்றால் புது ஃபில்டரையும் பழையது என்றே அது நினைத்துக்கொண்டிருக்கும். சாம்பலைத் தள்ளிப்போட ஒரே வழி, கையேட்டில் சொன்ன குறைந்த சாம்பல் வகை ஆயில். கேனில் ஏசிஇஏ எனும் ஐரோப்பியத் தரக்குறி பெரும்பாலும் சி2 அல்லது சி3 என்றிருக்கும். பழைய பிஎஸ்4 வண்டிக்கு வாங்கி மிஞ்சிய கேனை இதில் ஊற்ற வேண்டாம்.

சைலன்சர் முனையில் கரி

குளிர்ந்த சைலன்சர் முனைக்குள் வெள்ளை டிஷ்யூவை விட்டுத் துடைத்துப் பாருங்கள். நல்ல ஃபில்டர் உள்ள காரில் ஏறக்குறைய அழுக்கே வராது. மை பூசியது போல வந்தால் உள்ளே பீங்கான் விரிசல் விட்டிருக்கிறது, அல்லது யாரோ அதைக் காலி செய்துவிட்டார்கள். பழைய டீசல் கார் வாங்கப் போகிறவர்கள் பெயின்ட்டைத் தட்டிப் பார்க்கும் முன் இதைச் செய்யலாம். கூடவே ஸ்கேனரை மாட்டி, கடைசி ரீஜெனுக்குப் பிறகு ஓடிய தூரம், சராசரி இடைவெளி, சாம்பல் அளவு ஆகிய மூன்றையும் பாருங்கள். முனையில் கரி இருக்க, அழுத்த வித்தியாசம் எவ்வளவு மிதித்தாலும் அசையாமல் சுழியத்திலேயே நின்றால், விலை பேசாமல் கிளம்பிவிடுங்கள்.